வாட்ச் கிளாஸ்ப் (செயின் லாக்கு) எல்லாம் ஒரு விஷயமான்னு கேட்ட தம்பிக்கு

12 பிப்ரவரி 2025, இரவு 9.40, ஒரு வாசகர் கேட்டது

எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். முப்பதாயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்), நாப்பதாயிரம் வெள்ளி வாட்ச்ச காட்டுறவங்க எல்லாம் கடைசில லாக்க பத்தி அஞ்சு நிமிஷம் பேசுறாங்க. மூவ்மென்ட்டு (உள்ள ஓடுற மெஷினு), டயலு (முகப்பு), பாலிஷு இதுக்குத்தானே காசு? லாக்கு மூடுனா மூடணும் தெறந்தா தெறக்கணும், அதுக்கு மேல அதுல என்ன இருக்கு? பில்டப்பா?

12 பிப்ரவரி, இரவு 11.20

போன வாரம் கேட்டிருந்தா நானும் உன் கட்சிதான் தம்பி. முந்தாநாள் ரதம். இங்க மலேசியா பினாங்குல இருக்கவங்களுக்கு சொல்ல வேணாம், மத்தவங்களுக்கு சொல்றேன், தைப்பூசத்துக்கு மொத நாள் லெபோ பினாங்கு தெருவுல இருக்குற கோயில் வீட்டுலேர்ந்து வெள்ளி ரதம் தண்ணிமலை முருகன் கோயிலுக்கு கெளம்பும், வழி நெடுக தேங்கா அடிப்போம், நம்ம ஆளுங்க மட்டும் இல்ல சீனவங்களும் ஆயிரக்கணக்குல குமிச்சு வச்சு அடிப்பாங்க. எங்க வீட்டுக்கு இந்த வருஷம் 108 காய் நேர்த்திக்கடன். அண்ணன் பாதி, நான் பாதி.

முப்பதாவதோ முப்பத்தொண்ணாவதோ, கைய தூக்கி ஓங்கி விட்டேன் பாருங்க, காயோட சேர்ந்து வாட்ச்சும் போயிருச்சு. கைய பாக்குறேன், வெறும் கை. வெள்ளையா ஒரு பட்டை மட்டும் இருக்கு. அஞ்சு வருஷம் காசு சேத்து வாங்குன வாட்ச் முழங்கால் ஒசரத்துக்கு கெடக்குற ஓட்டுக்குள்ள எங்கயோ. அந்தப் பக்கம் ஓட்ட அள்ளுற ட்ராக்டர் வந்துகிட்டு இருக்கு. நான் ரோட்ல குந்திகிட்டு தேங்காத் தண்ணில கைய விட்டு தொழாவுறேன், மேலேர்ந்து சில்லு தெறிக்குது. கடைசில ஒரு சீனத்து ஆன்ட்டி செருப்புல தட்டுப்பட்டதுன்னு எடுத்து குடுத்தாங்க. கண்ணாடி ஓரத்துல ஒரு பல்லு போயிருக்கு, கண்ணாடிய சுத்தி இருக்குற பெஸல்ல குழி. ஓடுது. நிக்கவே இல்ல. நீ காசு குடுக்கணும்னு சொல்ற மூவ்மென்ட்டுக்கு ஒண்ணுமே ஆகல, லாக்கு தெறந்து பத்து செகண்டுல என் உசுர எடுத்துருச்சு.

13 பிப்ரவரி, காலை 7.05

என்ன பிராண்டுன்னு இன்பாக்ஸ்ல அஞ்சு பேரு. சொல்ல மாட்டேன் லா. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, எனக்கு முன்னாடி யாரு என்ன நோண்டி வச்சாங்களோ. ஸ்விஸ், டைவர் மாடல், ஸ்டீல் செயின், மடிக்கிற லாக்கு. போதும்.

13 பிப்ரவரி, இரவு 10.30

ஷிப்டு முடிஞ்சு வந்து உக்காந்தேன். கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லல போல.

நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில டெக்னீஷியன். தூசி படக்கூடாத க்ளீன்ரூம் உள்ள போகணும்னா வாட்ச்ச கழட்டி லாக்கர்ல வைக்கணும், டீக்கு வெளிய வந்தா மாட்டுவேன், திரும்ப கழட்டு, சாப்பாட்டுக்கு மாட்டு, திரும்ப கழட்டு. எண்ணி பாத்தா ஒரு நாளைக்கு எட்டு தடவ தெறந்து மூடுறேன். வருஷத்துக்கு கிட்டத்தட்ட 3000 தடவ. வாட்ச்சுல வேற எந்த பாகத்த நீ இத்தன தடவ தொடுற? பக்கத்துல இருக்குற சாவி திருகு, கிரவுன, ஆட்டோமேட்டிக்ல மாசத்துக்கு ஒருக்கா திருகுனா பெருசு. டயல் கண்ணுக்கு. மூவ்மென்ட் நீ பாக்கப் போறதே இல்ல. கை பழகுறது லாக்கு ஒண்ணுகிட்டதான். அது டப்புன்னு மைலோ டின் மூடி மாதிரி மூடுதா, இல்ல பழைய கார் கதவு மாதிரி கட்டியா மூடுதா, அதுலதான் குடுத்த காசு தெனமும் தெரியும்.

ரெண்டாவது, நம்ம ஊரு வெயிலு. காலைல ஏழு மணிக்கு பாலத்துல மோட்டார் பைக்ல வரும்போது சரியா இருக்குற செயின், ஃபேக்டரி ஏர்கோன் குளுர்ல லூஸாயி கைய சுத்தி வரும், மத்தியானம் வெளிய மமாக் சாப்பாட்டுக் கடைல ரொட்டி சானாய் சாப்டு நிமிந்தா ரத்தம் நிக்கிற மாதிரி இறுக்கும். கை வீங்கி வீங்கி வத்துது, என்ன பண்ண. செயின்ல ஒரு லிங்க (கண்ணிய) எடுத்தா இறுக்கம், சேத்தா தொளதொளன்னு ஆடும், ஏன்னா ஒரு லிங்க்கே கிட்டத்தட்ட முக்கா சென்டிமீட்டர் வந்துரும். நடுவுல ஒரு ரெண்டு மூணு மில்லிமீட்டர் வேணும் நமக்கு. அத எப்படி குடுக்குறான்ங்கறதுலதான் நல்ல லாக்கும் சும்மா லாக்கும் பிரியுது.

என்னோடது பழைய முறை. லாக்கு பக்கவாட்டுல வரிசையா சின்ன ஓட்டை, செயின் நுனிய ஒரு ஸ்பிரிங் பின்னு புடிச்சிருக்கும், அத பல்லு குத்துற குச்சியால அமுக்கி அடுத்த ஓட்டைக்கு தள்ளணும். ரோலெக்ஸ் சப்மரீனர்ல இருக்குற க்ளைட்லாக்க எடுத்துக்க, லாக்குக்கு உள்ள ஒரு தகட தூக்கி பல்லு பல்லா நகத்துனா ஒரு பல்லுக்கு 2 மி.மீ., மொத்தம் கிட்டத்தட்ட 20 மி.மீ. குச்சியும் வேணாம் ஊசியும் வேணாம். 2008ல டீப்ஸீங்கற ரோலெக்ஸ் மாடலோட வந்தது அது. ரோலெக்ஸ்லயே ஜிஎம்டி, டேடோனா மாடல்ல எல்லாம் ஈசிலிங்க், 5 மி.மீ. ஒரே ஒரு மடிப்பு, ஒண்ணு உள்ள இல்ல வெளிய, அவ்வளவுதான். டியூடர் கம்பெனியோட டீ-ஃபிட் லாக்குல அஞ்சு நிலை, மொத்தம் 8 மி.மீ. ஒமேகா சீமாஸ்டர்ல உள்ள புஷ்னு எழுதியிருக்குற பட்டன அமுக்கி இழுக்கணும். இதுல எதுவும் என்கிட்ட இல்ல, கூட்டாளி ஒருத்தன் டியூடர் பெலகோஸ் 39 வச்சிருக்கான், ஒரு சனிக்கெழம முழுக்க கைல போட்டு நோண்டிகிட்டே இருந்தேன், கழட்டி குடுக்க மனசே வரல. டைட்டானியம் வேற, வெயிட்டே இல்ல.

15 பிப்ரவரி, மதியம் 1.10

சனி ஞாயிறு நீ வேலைக்கு போறியான்னு ஒரு புண்ணியவான் கேட்டிருக்காரு. சரி. வருஷத்துக்கு 250 நாள், எட்டு தடவ, 2000. தப்புதான். கணக்கு வாத்தியாரா பாஸ் நீங்க?

16 பிப்ரவரி, இரவு 8.50

இந்த பேச்ச எங்கப்பாகிட்ட சொன்னேன். துறைமுகத்துல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. சிரிச்சாரு. மேசை டிராயர்லேர்ந்து அவரோட பழைய வாட்ச்ச எடுத்து என் மூஞ்சிக்கு நேரா இழுத்து காட்டுறாரு, ஸ்பிரிங் செயின். ரப்பர் மாதிரி நீளும், கைக்குள்ள போனதும் சுருங்கிக்கும். லாக்கே கெடையாது. "நாப்பது வருஷம் போட்டேன்டா, ஒரு நாள் அவுந்துச்சா? கை வீங்குனா அதுவும் வீங்கும்." அமெரிக்காவுல ஸ்பைடல்ங்கற கம்பெனி 1959ல ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸ்னு விட்டது இந்த ஜாதிதான்.

நான் பதில் சொல்லாம அவர் கைய தொட்டு காட்டுனேன். மணிக்கட்டுல வளையம் மாதிரி முடியே இல்ல. நாப்பது வருஷம் புடுங்கியிருக்கு. "அது வயசுல கொட்டுனது"ங்குறாரு.

20 பிப்ரவரி, இரவு 11.45

திருத்தம். பெரிய திருத்தம். மொத நோட்டுல லாக்கு தெறந்துருச்சுன்னுதானே எழுதுனேன்? இல்ல.

இன்னைக்கு லீவு போட்டு ஜார்ஜ்டவுன்ல ஒரு சீனக் கெழவர்கிட்ட கொண்டு போனேன். அஞ்சடி நடைபாதைல கடை, ஒரு மேசை, ஒரு லைட்டு, கண்ணுல பூதக்கண்ணாடி. நான் கதைய சொல்லி முடிக்கிற வரைக்கும் அவரு என்ன பாக்கவே இல்ல. வாட்ச்ச வாங்கி லாக்க மூடி ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்தாரு, நல்லா இழுத்தாரு. தெறக்கல. மேல சேஃப்டி மடிப்பு வேற போட்டபடியே இருக்கு. அப்பறம் செயினோட கழண்ட நுனிய எடுத்து, அதுல தொங்குன ஸ்பிரிங் பின்ன ட்வீஸர்ல புடிச்சு வெளக்குக்கு நேரா திருப்புனாரு. ஒரு முனை பளபளன்னு உருண்டையா இருக்கு. இன்னொரு முனை ஒரு பக்கமா சப்பி, பென்சில் முனைய தரைல தேச்ச மாதிரி. லாக்கோட உள் சுவத்துல, நாலாவது ஓட்டைக்கு பக்கத்துல, ஒரு கீறல். புது கீறல்.

நிமிந்து பாத்து ஒரே கேள்வி. "செண்டிரி புவாட் கா?" நீயே பண்ணியான்னு.

ரதத்துக்கு மொத நாள் ராத்திரி. வெக்கை தாங்கல, கை வீங்கியிருக்கு, நாளைக்கு நாள் பூரா வெயில்ல நிக்கணுமேன்னு ஒரு ஓட்டை தள்ளி வைக்க குச்சி எடுத்தது நான்தான். ஒரு முனை டிக்குனு உக்காந்துச்சு. இன்னொண்ணும் உக்காந்துச்சுன்னு நெனச்சுகிட்டேன். அது ஓட்டைக்குள்ள போகாம சுவத்துல முட்டிகிட்டு ஸ்பிரிங் அழுத்தத்துல சும்மா நின்னுருக்கு. முப்பது தேங்கா வரைக்கும் தாங்குச்சே, அதுவே பெருசு.

ஆக லாக்கு தெறக்கல. மன்னிச்சுரு லாக்கே.

21 பிப்ரவரி, காலை 6.40

"அப்போ உன் தப்பு, டிசைன் மேல பழிய போட்டியே"ன்னு எழுதியிருக்கீங்க. ராத்திரி பூரா நானும் அதேதான் யோசிச்சேன். தூக்கம் வரல.

என் தப்புதான், ஒத்துக்குறேன். ஆனா இப்படி பாருங்க. வீங்குற கைக்கு செயின ஒரு ஓட்டை தள்ளறது எப்பவாச்சும் செய்ற ரிப்பேர் வேலையா? நம்ம ஊர்ல அது வாரத்துக்கு ரெண்டு நாள் வேலை. அதுக்கு பத்து மணி ராத்திரில டியூப்லைட் வெளிச்சத்துல வாட்ச்ச ஒண்ணா புடிச்சிருக்குற ஒரே பின்ன நான் கழட்டி மாட்டணும், மாட்டுனது சரியா உக்காந்துச்சான்னு பாக்க கண்ணாடி வேணும், உக்காரலன்னாலும் அது உக்காந்த மாதிரியே நடிக்கும். பல்லு பல்லா தள்றதுல இந்த ஆபத்தே இல்ல, ஏன்னா எதையும் கழட்டறதே இல்ல. க்ளைட்லாக்கு, டீ-ஃபிட்டு எல்லாம் சொகுசுக்குன்னு 13ஆம் தேதி எழுதுனேன்ல, பாதிதான் சரி. சொகுசவிட இதுதான் பெருசு.

மத்தபடி பழைய ஓட்டை லாக்க கிண்டல் பண்ண வரல. 16610ங்கற பழைய ரோலெக்ஸ் சப்மரீனர்ல எல்லாம் தகட அடிச்சு மடிச்ச லேசான லாக்குதான், கைல எடுத்து ஆட்டுனா கலகலங்கும், இன்னமும் ஓடிகிட்டு இருக்கு, லேசா இருக்குன்னே அத தேடி வாங்குறவங்க உண்டு. ஓட்டைல பின்னு ஒழுங்கா உக்காந்தா அது போதும். உக்காரணும்.

23 பிப்ரவரி, மாலை 5.30

வீட்டுல இந்த கதைய மூணாவது தடவ சொல்லும்போது மனைவி காத காட்டுனாங்க. "என் தோட்டுக்கு திருகாணி. சுத்தி சுத்தி மாட்டறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும், ஆனா பஸ்ல தொங்குனாலும் விழாது. அமுக்கி மாட்டுற தோடு ரெண்டு தொலச்சிருக்கேன், ஒரு ஜோடி கூட முழுசா தொலைக்கல, எப்பவும் ஒத்தைதான்." தாலிக்கொடிக்கு எஸ் கொக்கி போட வேணாம்னு பத்தர்கிட்ட சண்ட போட்டு திருகு வச்சு வாங்குனாங்களாம் மாமியார். ஆம்பளைங்க வாட்ச்சுல இப்பதான் கண்டுபுடிச்ச மாதிரி பேசுறத நம்ம பொம்பளைங்க தங்கத்துல எப்பவோ முடிச்சுட்டாங்க.

வாட்ச் செயின்லயும் திருகாணி உண்டு, நல்ல செயின் பலதுல கழட்டுற லிங்க்குக்கு திருகுதான், சில கம்பெனி வெறும் பின்னு, இன்னும் சிலதுல பின்னோட கொசு மாதிரி ஒரு சின்ன குழல் வேற வரும். அந்த குழல் கீழ விழுந்தா தேட வேணாம். போயிருச்சு.

2 மார்ச், இரவு 9.15

பட்டர்ஃப்ளை லாக்கு எப்படின்னு கேட்ட அண்ணே, அழகு. மூடுனா எங்க மூடுதுன்னே தெரியாது, செயின் வளையல் மாதிரி சுத்தி வரும். ரெண்டு பக்கமும் விரியறதால உள்ள எடம் கம்மி, பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்குல தள்ள ஒண்ணும் இருக்காது, அரை லிங்க் ஏதாச்சும் குடுத்திருந்தா உண்டு. ஏர்கோன் ஆபீஸ்ல உக்காந்திருந்தா வாங்குங்க. மோட்டார்ல வேலைக்கு போறவருன்னா யோசிங்க.

தோல் பட்டைக்கு மடிக்கிற லாக்கு நல்லதுதான். கார்டியே பேர்ல நூறு வருஷத்துக்கு மேல பழைய ஐடியா அது. தோல தெனமும் ஒரே எடத்துல மடிக்க வேண்டியதில்ல. ஆனா நம்ம ஊரு வேர்வைக்கு லாக்க காப்பாத்துனாலும் தோலு நாறிரும், சும்மா இருக்குற பக்கிளே போதும்னு என் கட்சி. இதுக்கு இங்கிலீஷ் பேரு டிப்ளாய்மென்ட் இல்ல டிப்ளாயன்ட்னு திருத்துனவருக்கு நன்றி. மடிக்கிற லாக்குன்னே எழுதிட்டு போறேன், ரெண்டு பேருக்கும் சண்ட வேணாம்.

4 ஏப்ரல், இரவு 11.00

ஜெனீவா கண்காட்சி பாத்தீங்களா எல்லாரும்? ரோலெக்ஸ் புது லேண்ட்-டுவெல்லர பத்தி எல்லா குரூப்லயும் மூவ்மென்ட்ட பத்தி கொண்டாடுறாங்க, நான் நேரா படத்த பெருசாக்கி லாக்க தேடுறேன். மறைஞ்சு இருக்குற கிரவுன்கிளாஸ்ப். ஈசிலிங்க் கூட இல்ல. அழகா இருக்கு, ஆனா பினாங்கு மத்தியானத்துக்கு ஆவாது.

இன்னொரு பக்கம் ஜப்பான் கம்பெனி கிராண்ட் சீக்கோ. இத்தன வருஷமா எல்லாரும் அவங்க டயல தலைல தூக்கி வச்சு ஆடிட்டு கடைசில லாக்கு மட்டும்னு பெருமூச்சு விடுவோம்ல, இந்த தடவ யூஎஃப்ஏ மாடல்ல மூணு படி, படிக்கு 2 மி.மீ., குச்சி இல்லாம தள்ற லாக்கு போட்டுட்டாங்க. வருஷத்துக்கு 20 செகண்ட்தான் முன்ன பின்னன்னு சொல்ற மூவ்மென்ட் அது, எனக்கு கண்ணு 6 மி.மீ. மேலதான் போச்சு. பட்டேக் ஃபிலிப் கம்பெனிய பாருங்க, 1976ல வந்த மாடல் நாட்டிலஸ், 2022ல அதுலயே 5811னு புதுசு வந்தப்பதான் லாக்குலயே நீளம் மாத்துற ஏற்பாட்ட பெருசா சொன்னாங்க. 46 வருஷம். அவங்க வாடிக்கையாளருக்கு கை வீங்காது போல.

கேள்வி கேட்ட தம்பி இருக்கியா? நீ பில்டப்புன்னு சொன்னத இந்த கம்பெனிங்களே இப்ப மேடைல ஏத்துறாங்க பாரு.

17 மே, மாலை 6.20

வாட்ச் வந்துருச்சு. புது கண்ணாடி. பெஸல் குழிய அப்படியே விட சொல்லிட்டேன், தைப்பூசத்து குழி.

இப்ப நீங்க எல்லாரும் என்ன அடிக்க வருவீங்க. கெழவர் ஒரு டப்பாவ தெறந்து ஒரு லாக்க காட்டுனாரு. பிராண்ட் இல்ல, லோகோ இல்ல, பட்டன அமுக்குனா பல்லு பல்லா நகரும், ஒரு சென்டிமீட்டர் வரைக்கும். அகலம் என் செயினுக்கு அப்படியே பொருந்துது. 120 வெள்ளி. போட சொல்லிட்டேன். ஒரிஜினல் லாக்கு கவர்ல பத்திரமா இருக்கு, விக்கிறப்போ மாட்டிக்கலாம், அதனால ரீசேல் ரீசேல்னு கத்தாதீங்க. ஓரம் கொஞ்சம் கூரு, ஒமேகா மாதிரி வழவழன்னு இல்ல, மேல தேய்ச்ச கோடு செயினோட கோட்டுக்கு ஒட்டல, மேசைல வச்சா தனியா தெரியுது. ஆனா இன்னைக்கு மத்தியானம் ரெண்டு பல்லு விட்டேன், சாயங்காலம் ரெண்டு பல்லு இறுக்குனேன், ஃபேக்டரி டீ டைம்ல சும்மா ஒரு பல்லு விட்டு இறுக்கி விளையாடிகிட்டு இருந்தேன், சூப்பர்வைசர் மணி ஆச்சான்னு கேட்டாரு.

இந்த 120 வெள்ளி லாக்கு செய்றத இவ்வளவு காசு வாங்குன ஒரிஜினல் ஏன் செய்யலன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல.

19 மே, காலை 7.15

"தங்கத் தேருக்கு லாரி டயர் மாட்டிட்டே." நல்லா இருக்கு இது. அண்ணே, தேரு ஓடணும்ல.

31 ஜனவரி 2026, இரவு 11.50

இந்த இழைய மறந்திருப்பீங்க. இன்னைக்கு ரதம். 108 காய், இந்த தடவ வாட்ச்ச கழட்டி மனைவிகிட்ட குடுத்துட்டுதான் மொத காய எடுத்தேன். கைப்பைல போட சொன்னேன், அவங்க கைல போட்டுகிட்டாங்க. போன வருஷம் இதே வாட்ச் அவங்க கைல முழங்கை வரைக்கும் வழுக்கும். அடிச்சு முடிச்சு தேங்காத் தண்ணி சொட்ட சொட்ட திரும்பி பாக்குறேன், பட்டன அமுக்கி மொத்த பல்லையும் உள்ள தள்ளிட்டு, கைல கச்சிதமா உக்காந்திருக்கு. யாரும் சொல்லித் தரல. குச்சி கேட்டு என்ன கூப்புடல.

வீட்டுக்கு வந்து மூணு மணி நேரம் ஆச்சு. இன்னும் திருப்பி குடுக்கல.